வெள்ளி கலந்த எடை

கல்யாணத்தன்று என் மாமனார் என்னிடம் பேசிய முதல் பேச்சு, நான் கட்டியிருந்த புடவையின் எடையைப் பற்றியது. தாலி ஏறி, ஓமப் புகை கண்ணைக் கரிக்க, அவர் காலில் விழுந்து எழுந்திருக்கிறேன். ஆசீர்வாதம் வரும் என்று குனிந்த தலையோடு நின்றால், அவர் என் முந்தானை ஓரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "எழுநூறு கிராமுக்கு மேல கீது. கடைக்காரன் இன்னா சொன்னான்?" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மணமேடையில் சிரித்த பெண் என்று அந்தத் தெருவில் இன்றைக்கும் எனக்குப் பெயர்.

நான் மாகறல் பக்கத்துக்காரி. நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற வீடு. அங்கே எதையும் நாங்கள் கிராமில் பேசியதில்லை. யாராவது கடலை கேட்டு வந்தால் முறத்தில் அள்ளிக் கொட்டுவோம், கூடப் போனால் போகட்டும். அப்படி வளர்ந்தவளை உத்திரமேரூர் பக்கம் ஒரு நெசவுத் தெருவில் கொண்டுவந்து விட்டார்கள். இந்த வீட்டில் பட்டு நூல் எடை போட்டு உள்ளே வரும், சரிகை எடை போட்டு வரும், நெய்த புடவை எடை போட்டு வெளியே போகும். நடுவில் சேதாரம் எவ்வளவு போகலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் நெய்தவன் நூலைத் திருடிவிட்டான் என்றுதான் அதற்கு அர்த்தம்.

என் மாமனாரின் புடவை எடை குறைந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. அவருக்கு அதுதான் படிப்பு, பட்டம், பதக்கம் எல்லாம். காஞ்சிபுரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், கேட்கிறாரோ இல்லையோ, இதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

வீட்டில் இரண்டு குழித்தறி, காலைக் குழிக்குள் இறக்கி உட்கார்ந்து நெய்வது. ஒன்றில் மாமனார், இன்னொன்றில் என் கணவர். மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். நான் மூலையில் உட்கார்ந்து தார் சுற்றுவேன். தார் என்பது வேறொன்றுமில்லை, சின்னக் குச்சியில் சுற்றிய பட்டு நூல். அதை நாடாவுக்குள் வைத்துத்தான் தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டுவார்கள். என் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக் தராசு எப்போதும் விழித்துக்கொண்டிருக்கும்.

இந்த வீட்டில்தான் என் மகள் பிறந்தாள். பிறக்கும்போதே சின்னது. ஒன்றரை வயதுக்குள் வாய் மட்டும் பெரிதாகிவிட்டது. பேச்சு வராது, ஆனால் நாள் முழுக்கப் பேசுவாள். நடக்க ஆரம்பித்ததிலிருந்து தறிக்குழியில் குதிப்பதுதான் அவள் லட்சியம். மூன்று பெரியவர்கள் சேர்ந்து அவளைக் குழியில் விழாமல் காப்பதே பாதி வேலையாக இருந்தது. அழுதால் டீயில் நனைத்த பிஸ்கெட், குழிப் பக்கம் போனால் பிஸ்கெட், தறி சத்தத்துக்கு எழுந்துவிட்டால் பிஸ்கெட். சாப்பாட்டு நேரம் வந்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டுவாள். ஒல்லியாக இருந்தாலும் சுறுசுறுப்பு என்று தெருவே மெச்சியது. நாங்களும் மெச்சிக்கொண்டோம்.

எங்கள் ஊர் பால்வாடியில் மாதம் ஒரு முறை பிள்ளைகளை எடை போடுவார்கள். கூரைக் கொக்கியில் கடிகார முகம் போல ஒரு தராசு தொங்கும். அதில் துணியால் தைத்த ஒரு ஜட்டியை மாட்டி, பிள்ளையின் இரண்டு காலையும் அதில் நுழைத்துத் தொங்க விடுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் அதில் கத்தும்; என் மகள் மட்டும் ஊஞ்சல் என்று நினைத்து ஆடுவாள். முள் நிற்கவே நிற்காது. டீச்சர் எண்ணைப் போனில் ஏற்றினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது ஒரு நிறம் வரும்.

ஒரு மாதம் மஞ்சள் வந்தது. அன்றைக்கு மாமனாரும் கூட வந்திருந்தார்.

"வயசுக்கு ஏத்த எடை இல்லம்மா. கொறச்சலா கீது. போன மாசமும் ஏறல, இந்த மாசமும் ஏறல. சத்துமாவு ரெண்டு பங்கா தரேன், ஒழுங்கா குடு" என்றார் டீச்சர்.

நான் குழந்தையைப் பார்த்தேன். மாமனார் தராசைப் பார்த்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகனிடம் சொன்னார்:

"டேய், நம்ம வூட்ல எடை கொறச்சல்னு சொல்லிட்டாங்கடா."

தறி நின்றது. என் கணவர் குழிக்குள்ளிருந்து தலையைத் தூக்கினார். முகம் வெளுத்துவிட்டது. "எந்தப் பொடவ, நைனா?"

"பொடவ இல்லடா. உம் பொண்ணு."

கணவர் பெருமூச்சு விட்டார். அப்புறம்தான் பெருமூச்சு விட்டது தப்பு என்று அவருக்கு உறைத்தது. நான் முறைத்தேன். அவர் நாடாவை எடுத்துக்கொண்டு அவசரமாகக் குனிந்துவிட்டார்.

அந்த மாதம் முழுக்க நான் சத்துமாவைக் கரைத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். அவள் துப்பிக்கொண்டு முன்னால் ஓடினாள். மாமனார் இதில் கலந்துகொள்ளவில்லை. அவர் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தார். எடை குறைந்தால் எடையைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதானே என்று அவர் மனசில் ஒரு வழி ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

அடுத்த எடை போடும் நாள் வந்தது. எனக்குத் தார் சுற்றி மாளவில்லை. மறுநாள் புடவை காஞ்சிபுரம் போகவேண்டும். "நீ வேலையப் பாரும்மா, புள்ளைய நான் இட்டுக்கினு போறேன்" என்று மாமனார் முன்வந்தார். நான் நெகிழ்ந்துபோனேன். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. என் கணவர் குழந்தையாக இருந்தபோது போட்ட வெள்ளி அரைஞாண், விரல் தடிமனில், வெளியே வந்தது. அதோடு வெள்ளிக் கொலுசு, இரண்டு கைக்கும் காப்பு. சித்திரை வெயிலில் ஒரு கம்பளி ஸ்வெட்டர். அதன் மேல் குல்லாய்.

"மாமா, வேர்க்குமே. ஸ்வெட்டரு எதுக்கு?"

"காத்து சிலுசிலுன்னு அடிக்குதும்மா."

வெளியே ஓர் இலை அசையவில்லை. பேத்தியை ஜோடித்து ஊர்வலம் போக ஆசைப்படுகிறார் போலிருக்கிறது என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. அவர் அவளை மடியில் உட்கார வைத்து வாழைப்பழம் ஊட்டினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்தார். கடைசியாக, தேய்ந்துபோன மரநாடா ஒன்றை அவள் கையில் கொடுத்தார். நாடா கிடைத்தால் அவள் ஊரையே மறப்பாள். கையிலிருந்து பிடுங்க யாராலும் முடியாது. கண் பட்டுவிடுமே என்று நானே எழுந்து வந்து கன்னத்தில் மைப்பொட்டு வைத்து அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தெருமுனையிலேயே அவர் குரல் கேட்டது. "பச்சை, பச்சை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் இனிப்புப் பொட்டலம். ஒரே மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறாள், டீச்சரே அசந்துவிட்டார் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கணவர் தறியை விட்டு எழுந்து மகளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், எல்லோர் வாயிலும் இனிப்பு. நான் மாகறலுக்குப் போன் போட்டு, அம்மா எடுத்ததும் பேச்சு வராமல் கத்தினேன். துப்பியது போக உள்ளே போன சத்துமாவே இவ்வளவு வேலை செய்திருக்கிறதே என்று எனக்கு நானே ஒரு பாராட்டு விழாவும் நடத்திக்கொண்டேன்.

சாயங்காலம் குளிப்பாட்ட அவளைக் கழற்றினேன். கழற்றினேன் என்றுதான் சொல்லவேண்டும், அவ்வளவு இருந்தது. ஸ்வெட்டர், குல்லாய், காப்பு, கொலுசு, அரைஞாண். நாடாவை மட்டும் விளையாட்டுக் காட்டி வாங்கவேண்டியிருந்தது. எல்லாவற்றையும் கைக்கு எட்டிய இடத்தில் போட்டேன். அது தராசு. பச்சை எழுத்தில் எண் ஓடி நின்றது. அதைப் பார்த்துவிட்டு அவளைக் கொல்லைக்குத் தூக்கிப்போய்த் தண்ணீரை மொண்டேன். மொண்ட சொம்பு அப்படியே நின்றுவிட்டது. காலையில் குடித்த தண்ணீரையும் வாழைப்பழத்தையும் மனசுக்குள் சேர்த்துப் பார்த்தேன். கூடியதாகச் சொன்ன எடை முழுவதும் அந்தத் தராசின் மேல் கிடந்தது. என் மகள் அம்மணமாக வாளிப் பக்கத்தில் நின்று தண்ணீரை அறைந்துகொண்டிருந்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தினமும் பார்க்கிற விலா எலும்புதான். அன்றைக்குத்தான் பயம் வந்தது.

மறுநாள் காலை தெருக்குழாயில் டீச்சரைப் பார்த்தேன். முகம் மலர்ந்து, "வியாயக்கிழமை டாக்டரு வராங்க. உன் பொண்ண இட்டுக்கினு வரவேணாம். மஞ்சள், சிவப்பு புள்ளைங்கள மட்டும்தான் பாப்பாங்க. அவளுக்கு இனிமே சத்துமாவும் ஒரு பங்குதான், ஜாஸ்தி தேவப்படாது" என்றார். குடம் நிரம்பி வழிந்தது. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இனிப்பு தின்ற நாலு பேர் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கணவரிடம் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்ட காரணம் புரிந்ததும் இன்னும் சிரித்தார். டாக்டர் பார்க்கமாட்டார் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது.

"நைனாகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

"நீங்கதான்."

அவர் தறிக்குழியில் இறங்கிவிட்டார். அந்தக் குழி எனக்கும் ஒன்று இருந்திருந்தால் நானும் இறங்கியிருப்பேன்.

நானே போய்ச் சொன்னேன். மாமனார் மறுக்கவில்லை. அதில்தான் எனக்குக் கோபமே வந்தது. கொஞ்சம்கூட வெட்கப்படாமல், நியாயம் பேசினார்.

"இன்னாம்மா தப்பு? வெள்ளி யாருது? அவுளுதுதான? ஸ்வெட்டரு அவுளுதுதான? வாயப்பயம் அவ வயித்துலதான போச்சு? அவ போட்டுக்கினு கீறது, துன்னது எல்லாம் அவ எடைதான்."

"உடம்புல ஏறலயே, மாமா."

"ஏறும். அடுத்த மாசம் ஏறும். அதுக்குள்ள ஊருல எடை கொறச்சல்னு பேரு வாங்கிக்கினு நிக்கணுமா? இத்தினி வருசத்துல ஒருத்தன் என்ன அப்டி சொன்னதில்ல."

என் கையில் சுற்றி முடித்த தார் ஒன்று இருந்தது. அதை அவர் முன்னால் நீட்டினேன். பெரியவரிடம் அப்படிப் பேசி வழக்கமில்லை.

"பட்ட எடை போடும்போது இந்தக் குச்சியோடவா போடுவீங்க?"

நெசவு வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். வெறும் குச்சியை முதலில் தராசில் வைத்து, அந்த எடையைக் கழித்துவிட்டுத்தான் நூலை நிறுப்பார்கள். குச்சியோடு சேர்த்துக் கணக்குச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு. என் கணவரின் தறி நின்றது. மாமனார் என் கையிலிருந்த தாரை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பேசியது பேசியாகிவிட்டது, இனி இந்த வீட்டில் எனக்குச் சோறு உண்டா என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் அவர் என்னிடம் பேசவில்லை. வியாழக்கிழமை காலை நான் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டி, கவுன் எடுக்கத் திரும்பினேன். திரும்பி வருவதற்குள் குழந்தை அவர் கையில் இருந்தாள். கொலுசு இல்லை, காப்பு இல்லை, கவுனும் இல்லை. ஒரு துண்டு மட்டும் சுற்றியிருந்தது.

"வாம்மா, போலாம்" என்றார்.

அப்படியே தெருவில் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். துண்டு வழியில் அவிழ்ந்துவிட்டது. என் மகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன வேண்டும், குழாயடியில் நின்றவர்களுக்கெல்லாம் கையை ஆட்டினாள். "இன்னா பெரியவரே, அன்னிக்கு ஸ்வெட்டரு, இன்னிக்கு ஒண்ணும் காணோம்" என்று யாரோ கேட்டார்கள். "ஆமாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

பால்வாடியில் டாக்டர் வந்திருந்தார். அம்மாக்கள் பிள்ளைகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் எங்களைப் பார்த்துக் குழம்பினார். மாமனார் எடை போடச் சொன்னார். போட்டார்கள். ஏழு கிலோ எழுநூறு. டீச்சர் தராசைத் தட்டினார். மறுபடியும் போட்டார். அதே எழுநூறு.

"அஞ்சு நாளுக்கு முன்னாடி எட்டே முக்கால் காட்டிச்சே. தராசு கெட்டுப் போச்சா?" என்றார் டீச்சர்.

தராசு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. அவருக்கு நல்ல வழி திறந்து கிடந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தராசு நல்லாத்தான் கீதும்மா" என்றார் மாமனார். "அன்னிக்கு வெள்ளியும் நாடாவும் சேத்து நான்தான் எடை போட வெச்சிட்டேன். புள்ள எடை இதான். கொறச்சல்தான்."

குறைச்சல் என்ற வார்த்தையை அவர் வாயால், தெருப் பெண்கள் அத்தனை பேர் முன்னால் சொன்னார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் காது மடல் சிவந்துவிட்டது, ஆனால் குழந்தையைக் கீழே விடவில்லை. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்ததற்கு நான் முதல்முறையாகப் பெருமைப்பட்டது அப்போதுதான். ஓடிப்போய் அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் பக்கம் மாமனாரைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் இல்லாததால் துண்டை வாங்கி மடித்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

டாக்டர் என் வயதுப் பெண். குழந்தையின் கண் இமையை இறக்கிப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். டீ, பிஸ்கெட், கஞ்சித் தண்ணி, மறுபடியும் பிஸ்கெட் என்று சொல்லும்போதே என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் திட்டவில்லை. அவளுடைய கையை முஷ்டியாக மடக்கிக் காட்டி, "இவ வயிறு ஏறக்குறைய இந்த அளவுதாம்மா. அதை டீத் தண்ணியால ரொப்பிட்டா சோறு எங்க போவும்?" என்றார். கெட்டியாகக் கொடு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு, அடிக்கடி கொடு, ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பூன் எண்ணெயோ நெய்யோ விடு, முட்டை, பருப்பு, வேர்க்கடலை கொடு என்றார். பூச்சி மருந்தும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் எழுதினார். அடுத்த மாதமும் ஏறவில்லை என்றால் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும் என்று அமைதியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் பிஸ்கெட் டப்பாவை எடுத்துப் பரண் மேல் போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்ததை நெசவு என்று சொல்லமுடியாது. தறி கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், குழந்தைக்கு ஒரு கிண்ணம் ஊட்டல் நடக்கும், மறுபடியும் ஓடும். மாகறலிலிருந்து என் அம்மா ஒரு மூட்டை வேர்க்கடலை அனுப்பினாள். கிராம் பேசாத வீட்டு மூட்டை. மாமனார் அதைப் பார்த்து மிரண்டுவிட்டார். வறுத்துப் பொடித்து வெல்லம் சேர்த்து உருட்டினோம். பாதி உருண்டை என் கணவர் வயிற்றுக்குப் போனது. ஏற வேண்டிய எடை அவருக்கு முதலில் ஏறியது.

முட்டைதான் பெரிய கதை. எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை வாசலைத் தாண்டியதில்லை. டாக்டர் சொல்லிவிட்டாரே என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, மாமனாரே கடைக்குப் போய், வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு வந்தார். கொல்லைப்புறத்தில் மூன்று செங்கல் வைத்து, அதற்கென்று ஒரு பழைய பாத்திரத்தில் வேகவைத்தோம். அவர் வேப்பமரத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்றம் தாங்கவில்லை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை. நான் மஞ்சள் கருவை மசித்து ஊட்டப் போனேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். பிறகு என் கையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக்கொண்டு போய் நேராகத் தாத்தா வாயில் திணிக்கப் பார்த்தாள்.

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். அப்படியே அவள் செய்வது போலவே. அவளுக்கு அதைப் பார்த்து வந்த சிரிப்பு இருக்கிறதே, உட்கார்ந்த இடத்திலேயே மல்லாந்து விழுந்தாள். சிரிக்க வாய் திறந்தது. நான் ஒரு வாய் வைத்துவிட்டேன். மறுபடியும் தாத்தாவிடம் ஓடினாள், அவர் வாயை மூடினார், அவள் சிரித்தாள், நான் வைத்தேன். முட்டை முழுவதும் தீர்ந்துவிட்டது. தினமும் இந்தக் கூத்துதான். மழை பெய்த நாளில் செங்கல் அடுப்பு நனைந்துவிட, "உள்ளயே வெச்சிடும்மா, சாமி ஒண்ணும் கண்ண குத்தாது" என்று அவரே சொல்லிவிட்டார். முட்டை அடுப்படிக்கு வந்துவிட்டது.

நடுவில் ஒரு நாள் நெய்யும் சத்துமாவும் அப்பிய கையோடு போய்த் தறியிலிருந்த புடவையில் ஐந்து விரலையும் பதித்துவிட்டாள். மயில்கழுத்து நிறப் பட்டு. என் கணவர் அலறினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புடவையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற மனிதர் வந்து கறையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"வாய்க்குள்ள எவ்ளோ போச்சு?" என்றார்.

"முக்கால்வாசி."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, விபூதியை எடுத்துக் கறைமேல் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டார். முக்கால்வாசிக் கறை போய்விட்டது.

மாதம் முடிந்து எடை போடும் நாள் வந்தபோது எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. கன்னம் கொஞ்சம் உப்பியிருப்பது போலவும் தெரிந்தது, என் ஆசைக்குத் தெரிகிறது என்றும் தோன்றியது. நாங்கள் மூன்று பேரும் தறியை நிறுத்திவிட்டுப் போனோம். ஒருவேளை ஏறவில்லை என்றால் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப என் பையில் இரண்டு புடவை எடுத்து வைத்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

டீச்சர் அவளைத் தொங்கவிட்டார். அவள் ஆடினாள். முள் ஆடியது. "இருடி, இரு" என்று நாலு பேர் கெஞ்சினோம். கடைசியில் நின்றது. டீச்சர் கண்ணை இடுக்கிப் பார்த்து, "எட்டு கிலோ நூறு" என்றார்.

நான் சத்தம் போட வாயைத் திறந்தேன். மாமனார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இரும்மா. இடுப்புல கறுப்புக் கயிறு கீது. அத்த அவுத்துட்டு போடு."

"தாத்தா, அது வெறும் நூலு."

"நூலும் எடைதாம்மா."

கயிற்றை அவிழ்த்தார். அவிழ்க்கும்போது என் மகள் அவர் சட்டை முழுக்க ஒண்ணுக்குப் போய்விட்டாள். பால்வாடியே சிரித்தது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "நல்லதாப் போச்சு, அதுவும் கயிஞ்சிடிச்சி. இப்ப போடு" என்றார். மறுபடியும் தொங்கவிட்டார்கள். முள் ஆடி ஆடி அதே கோட்டுக்கு வந்து நின்றது.

டீச்சர் போனில் ஏற்றினார். மஞ்சள்தான் வந்தது. "மஞ்சள்தான், ஆனா ஏறிக்கினு கீது தாத்தா. இப்டியே போனா இன்னும் ரெண்டு, மூணு மாசத்துல பச்சைக்கு வந்துடுவா. ஆஸ்பத்திரி வேணாம்" என்றார். என் கணவர் சுவரில் சாய்ந்துகொண்டு ஒரு குழந்தையைப் போல அழுதார். நான் அழவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத பிள்ளையை எல்லாம் தூக்கி முத்தம் கொடுத்தேன்.

திரும்பும்போது மாமனார் முன்னால் நடந்தார். நனைந்த சட்டை, தோளில் அம்மணமாக என் மகள். குழாயடியில் நின்ற பெண்கள் இந்த முறை நேராகவே கேட்டார்கள், "இன்னா நைனா, பச்சையா?" என்று.

"மஞ்சள்தான்" என்றார் அவர், தெருமுனை வரை கேட்கிற குரலில். "எட்டு கிலோ நூறு. எல்லாம் புள்ளதான்."